அண்ணன் தொடாத துளைகள்

ஆரோக்கியம் அண்ணன் ஊரில் தவறிவிட்டார் என்று வளைகுடாவில் எங்கள் முசஃபா பட்டறைக்குப் போன் வந்தபோது, அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன வேலையைத்தான் நான் முடித்துக்கொண்டிருந்தேன். லீவில் தூத்துக்குடிக்குப் போனவர் திரும்பவில்லை. அவரோடு ஜெபித்த, அவரை அறிந்த உங்கள் முன் இதை எழுதவே கூசுகிறது.

கண்காட்சிப் பொருட்களுக்குத் தாங்கி செய்வது எங்கள் பிழைப்பு. இம்முறை வந்தது ஐரோப்பாவின் பழைய எனாமல் சிலுவை. செப்புத் தகட்டைக் குடைந்து, குழிகளில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் உருக்கியிருந்தார்கள். பல நூறு வருடத்து நீலம் இன்னும் ஈரமாகவே தெரிந்தது. மேலே பொருத்தியிருந்த இயேசுவின் உருவம் எப்போதோ விழுந்துவிட்டது. கைகளும் கால்களும் இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மட்டும் இருந்தன.

துளை இருந்தால் அதில் கம்பி ஊசி கொடுத்து நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம். பொருளுக்குக் கேடில்லை, வேலையும் சீக்கிரம் முடியும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏற்கெனவே ஆணி அடிச்ச கை, பாய். நாமளும் அதுலயே குத்தணுமா? எனக்கு வெக்கமா இருக்கு," என்றார்.

"அண்ணே, அது வெறும் செம்பு."

"ஆமா, நீயும் நானும் வெறும் சோறு," என்று சிரித்தார். பிறகு விளிம்பைப் பிடிக்கப் பித்தளைக் கொக்கிகளை வளைத்து, நீலத்தில் கீறல் விழாமல் பிளாஸ்டிக் உறையும் மாட்டி வைத்துவிட்டு லீவுக்குப் போனார்.

அவர் போனதும் சூப்பர்வைசர் வந்தார். "கொக்கி வெளிய தெரியும். ஓட்டை இருக்குல்ல? யல்லா, சீக்கிரம் பின் போடு, கலாஸ், வேலை முடிஞ்சுது." நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் வேலை ஒன்றும் போயிருக்காது. கடைசி ஊசி கால் துளையில் இறங்கும்போது போன் அடித்தது.

கண்காட்சி திறந்தபின் இங்கே நடந்த ஜெபக் கூட்டத்தில், சிலுவை அந்தரத்தில் நிற்கும் அழகைச் சொல்லி, எல்லாம் அண்ணனின் கைவண்ணம் என்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்ததாக நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

மறுநாள் அண்ணனின் மனைவி ஊரிலிருந்து பேசினார். "தம்பி, அவரு கடைசியா செஞ்ச வேலைய போட்டோ புடிச்சு அனுப்புங்க. புள்ளைங்களுக்குக் காட்டணும்."

அண்ணன் செய்தது என்று என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கொக்கிகள்தான். உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"ரொம்ப நேர்த்தியா இருக்கு தம்பி. சிலுவை எங்க?"

கொக்கிகளோடு அண்ணனின் வெட்கமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அவர் மனைவிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.