இரண்டு சூரியன்களும் ஓர் ஆட்டு மந்தையும்

டாஸ்மேனியாவின் பர்னி நகரில் பேருந்து ஓட்டும் நெரிடா, வேலை முடிந்த நேரமெல்லாம் ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு சூரியன், பச்சை வானம், தூங்காத, பசிக்காத மனிதர்கள். பூமியின் சாயல் ஒரு துளிகூட விழக்கூடாது என்பது அவள் பிடிவாதம். வாரந்தோறும் நூலகத்தின் பின்னறையில் கூடும் எழுத்தாளர் குழுவில் அவள் வாசிக்கும்போது எல்லோரும் மரியாதையாகக் கொட்டாவியை அடக்குவார்கள்.

அதே குழுவில் இருந்தவள் தோழி ஜோலீன். இளவயதில் ஆட்டுக் கொட்டகைகளில் கம்பளி கத்தரித்தவள். அவள் எழுதிய உலகத்தில் மழை, சேறு, இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பர்னியில் உள்ளபடியே இருந்தன. ஒன்றே ஒன்று வேறு: ஆடுகளின் மேல் கம்பளிக்குப் பதில் மூடுபனி வளரும். கத்தரித்தால் பள்ளத்தாக்கே மூடிக்கொள்ளும்.

மெல்பர்ன் பதிப்பகம் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. நெரிடா கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். வயிறு எரிந்தது.

வெளியீட்டு விழாவில் அவளால் வாயை அடக்க முடியவில்லை. எழுந்து நின்று கேட்டாள்: "வேற உலகம்னு சொல்ற. அங்க எதுக்குடி ஆடு? நம்ம ஊர்ல பாக்காத ஆடா?"

கூட்டம் சிரித்தது. ஜோலீனும் சிரித்தாள்.

"நாள் பூரா குனிஞ்சு கத்தரிச்சா இடுப்பு எப்படி விட்டுப்போகும்னு எனக்குத் தெரியும், நெரி. அந்த வலிய நம்புறவங்க மூடுபனியையும் நம்பிடுறாங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நெரிடாவின் காது மடல்கள் சுட்டன.

மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் கிளென் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் ஜோலீனின் புத்தகம், அதுவும் பாதிக்கு மேல் படித்து முடித்திருந்தான். நெரிடாவின் கதையில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டாதவன்!

"என் கதைய மட்டும் ஏன் படிக்க மாட்டேங்கிற?"

"கோவிச்சுக்காத. உன் ஆளுங்களுக்குப் பசியே இல்ல, தூக்கமும் இல்ல. அப்புறம் எதுக்கு அடிச்சுக்கிறாங்கன்னே எனக்குப் புரியல."

நெரிடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதினாள். சூரியன்கள் இரண்டும் அப்படியே இருந்தன. மனிதர்களுக்கு மட்டும் பசி வந்தது. பச்சை வானத்தின் கீழே அண்ணனும் தம்பியும் ஒரே கிழங்கைப் பங்குபோட்டார்கள். அண்ணன் வெட்டினான், எந்தத் துண்டை எடுப்பது என்று தம்பி கண்ணால் அளந்துகொண்டே நின்றான்.

அந்தப் பக்கங்களை ஜோலீனிடம்தான் கொண்டுபோனாள். வேறு யாரிடம் காட்டினாலும் அவளுக்கு மனசு ஆறியிருக்காது.

ஜோலீன் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். முகம் மெல்லச் சுருங்கியது.

"பதிப்பகத்துக்கு அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அவசரப்படாத. இன்னும் கொஞ்சம் திருத்து." காகிதங்களைத் திருப்பித் தரும்போது அவள் நெரிடாவின் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்தக் கதை இதுவரை அச்சாகவில்லை. ஆனால் அன்று, ஜோலீனின் சுருங்கிய முகத்தை நினைத்து நினைத்து, நெரிடா கடற்கரைச் சாலை நெடுகப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வண்டி ஓட்டினாள்.