ஈரத்துணி படாத பூச்சு

அந்த வங்கியில் பேனா கீழே விழுந்தால் யாரும் குனிந்து தேடுவதில்லை. கெர்லிண்டேயைக் கேட்டால் போதும். துடைப்பத்தை நிறுத்தாமலே சொல்வாள்: "மூணாவது கவுண்டர், இடது காலு." போய்ப் பார்த்தால் அங்கேதான் கிடக்கும். அவள் ஊற்றுகிற தண்ணீரும் இருபத்தாறு வருஷமாக அங்கேதான் போய்த் தேங்குகிறது.

வால்டென்ஹோஃப் ஊரின் சேமிப்பு வங்கி, துணி வியாபாரி ஒருவர் நானூறு வருஷத்துக்கு முன் கட்டிய மரச்சட்ட வீடு. ஓக் மரத் தூண்கள், சாய்ந்த முட்டுகள், நடுவே வைக்கோல் கலந்த களிமண் சுவர். ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழே உள்ளதைவிட ஒரு முழம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நேர்கோடு என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. அதை ஒரு குறையாக ஊரில் எவரும் நினைத்ததும் கிடையாது.

கெர்லிண்டே ஆப்பெல் அங்கே துப்புரவுப் பணியாளர். குடிகாரப் புருஷனை விட்டுவிட்டு இரண்டு குழந்தைகளோடு ஊருக்கு வந்தவளுக்கு முதலில் கதவைத் திறந்தது அந்த வீடுதான். அதனால் அதை யாராவது குறை சொன்னால் தன் பிள்ளையைச் சொன்ன மாதிரி அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

போன அக்டோபரில், 1998-ல், தலைமை அலுவலகம் ஒரு பொறியாளரை அனுப்பியது. டாக்டர் தீலெமான், கான்கிரீட்டில் கரை கண்டவர். சேறு அப்பிய பூட்ஸோடு அப்போதுதான் துடைத்த தரையில் நடந்தார்.

"ஏங்க, வாசல்ல மிதியடி போட்டிருக்கறது அழகுக்கா?"

"வேலையா வந்திருக்கேம்மா."

"நான் மட்டும் என்ன, விளையாடவா வந்திருக்கேன்?"

அவர் காதில் வாங்கவில்லை. தூணும் களிமண்ணும் சேருகிற இடுக்குகளில் ஐந்து இடத்தில் ஜிப்சம் அப்பி, தேதி எழுதிவிட்டுப் போனார். "வீடு அசைஞ்சா இந்தப் பூச்சு உடையும்" என்று கிளை மேலாளர் வீகாண்ட் அவளுக்கு விளக்கினார்.

பிப்ரவரியில் பார்த்தபோது நான்கு உடைந்திருந்தன. அஸ்திவாரம் இறங்குகிறது, வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று தீலெமான் அறிக்கை எழுதிக்கொண்டு வந்தார். வீகாண்ட் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. கெர்லிண்டேவுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் புத்தி இரண்டு மடங்கு வேலை செய்யும்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை."

தீலெமான் கடிகாரத்தைப் பார்த்தார். "துடைக்கிற வேலை ஏதாச்சும் பாக்கியா?"

"ஆமா. உங்க அறிக்கையத்தான் துடைக்கணும்."

குப்பை முறத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு பிடி பழுப்புத் தூள்.

"ஹீட்டர் போட்டா தூண் காஞ்சு சுருங்கும், ஓரத்துல இந்த மண்ணு உதிரும். மே மாசம் வந்தா மரம் திரும்ப ஊதிக்கும், ஒரு பொட்டு விழாது. வருஷா வருஷம் அள்ளறவ நான். நீங்க பூச்சு வச்சது மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல. உடையாம வேற என்ன செய்யும்?"

தீலெமான் அந்தத் தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "சரி. ஆனா அஸ்திவாரம் இறங்கலைன்னு எப்படிச் சொல்றீங்க? தரையே சாஞ்சு கிடக்குதே" என்றார்.

"அது நான் வந்த நாள்லேயே சாஞ்சுதான் கெடந்துச்சு. நம்பலைன்னா கீழ வாங்க."

நிலவறையில் பழைய கோப்பு அலமாரி ஒன்று இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் சுத்தம் செய்வதற்காக அவள் நகர்த்துகிற அலமாரி. இடுப்பால் ஒரு இடி கொடுத்தாள். பின்னால் இருந்த கருங்கல் அடிச்சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்தில் ஜிப்சம் பூச்சு. மேலே பென்சிலில் ஒரு தேதி: 3 மே 1972.

மொத்த வீட்டையும் தாங்குவது அந்தக் கல்தான். தீலெமான் மண்டியிட்டு, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, நகத்தால் தடவிப் பார்த்தார். ஒரு மயிரிழைகூட உடையவில்லை.

"இருபத்தேழு வருஷம்!" என்றார். குரல் மாறியிருந்தது. "ஈரம் பட்டிருந்தாலே கரைஞ்சிருக்குமே. எப்படி இப்படியே இருக்கு?"

"எனக்கு முன்னாடி இங்க கூட்டின ஓட்டிலியேங்கற அம்மா மொத நாளே சொல்லிட்டாங்க, இதுமேல ஈரத்துணி படக்கூடாதுன்னு. ஏன்னு நான் கேக்கல. உலர்ந்த பிரஷ்ஷால தட்டி விடுவேன், அவ்வளவுதான்."

"நீங்களா? மறுபேச்சுப் பேசாம கேட்டீங்களா?" என்றார் வீகாண்ட்.

"வாழ்க்கையிலயே அந்த ஒரு தடவைதான் சார்."

வீகாண்ட் வாய்விட்டுச் சிரித்தார். தீலெமானும் நல்ல மனிதர்தான். அறிக்கையை அங்கேயே நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கருவிகளோடு வந்து அளந்தார். அவையும் அவள் பக்கம்தான் பேசின. வீடு நிற்கும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த அன்று, ஊழியர்கள் எல்லாரும் கவுண்டரைவிட்டு எழுந்து நின்று அவளுக்குக் கைதட்டினார்கள். "உக்காருங்க, காலடி படும், இப்பத்தான் துடைச்சேன்" என்றாள். முகமெல்லாம் பல்.

மே மாதம் தீலெமான் மறுபடி வந்தார், பழைய பூச்சுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வைக்க. வாசல் மிதியடியில் மூன்று தடவை காலைத் துடைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "வாங்க" என்றாள்.

கீழே ஜிப்சத்தை அப்பிய பிறகு பென்சிலை அவளிடம் நீட்டினார். "தேதிய நீங்களே எழுதுங்கம்மா."

கெர்லிண்டே கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நிதானமாகத் தேதியை எழுதினாள். அதன் கீழே, யாரையும் கேட்காமல், இன்னொரு வரியும் எழுதினாள்:

ஈரத்துணி படக்கூடாது.