பூஜையில் வைக்காத ஸ்பேனர்

இரண்டாயிரத்து ஆறாம் வருஷ ஆயுத பூஜை அன்று நடந்தது இது. நாங்கள் அப்போது பொழிச்சலூரில், இரண்டு போர்ஷன் உள்ள ஒரு வீட்டில் குடியிருந்தோம். கல்யாணம் ஆனதிலிருந்து அடுப்படியே கதியென்று கிடந்த எனக்கு, பம்மலில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேரும் குழந்தைகளை நெல்லில் எழுத வைக்க, காலை ஏழு மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டும். "முதல் நாளே லேட் ஆக்கிடாதீங்க மேடம்" என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மேடமாம்! அந்த ஒரு வார்த்தைக்கே என் கால் தரையில் இல்லை.

போய் வர, என் தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற கியர் சைக்கிள் இருந்தது. அதை விட்டால் எனக்கு வழியில்லை. கணவருக்கு அதிகாலை ஷிப்ட், பைக் அவரோடு போய்விடும். லீவு நாளில் அந்நேரத்துக்கு ஷேர் ஆட்டோவை நம்பினால் அவ்வளவுதான்.

அதனால் என் சந்தோஷத்தை எல்லாம் அந்தச் சைக்கிள் மேலேயே கொட்டினேன். தேய்த்துக் கழுவி, ஹேண்டில்பாரில் சந்தனம் குங்குமம் வைத்தேன். அதோடு விட்டேனா? பல் சக்கரத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் குழைத்த சந்தனத்தை அப்பினேன். பின்பக்கக் கம்பியில் சாமந்திச் சரத்தைச் சுற்றினேன். "இது சைக்கிளா, கல்யாணப் பொண்ணா?" என்று கணவர் கிண்டலடித்தார்.

மதியம் பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டுத் தெருமுனை வரை ஒரு ரவுண்டு போனேன். கியரை மாற்றியதும் 'கடக்' என்றது. செயின் கழன்றது, பூச்சரம் அறுந்து சக்கரத்தோடு சுற்றியது. பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் செயினை மாட்டினேன். நாலு மிதி மிதிப்பதற்குள் மறுபடி கழன்றது.

தள்ளிக்கொண்டே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாழைமரம் கட்டி, வேட்டி கட்டி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். "அக்கா, ஸ்பேனர் எல்லாம் சாமிகிட்ட கீது. இன்னைக்குத் தொட மாட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு மேல வாங்க" என்று சொல்லி, கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைத் திணித்து அனுப்பிவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். கத்தி, கத்தரிக்கோல் முதல் ஸ்க்ரூ டிரைவர் வரை பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. எடுக்கலாமா என்றால் கணவர் கூடாதென்று தலையை ஆட்டுகிறார். எடுக்க எனக்கும் மனசு வரவில்லை. நல்ல நாளில் அழக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, பக்கத்து போர்ஷன் அக்காவுக்குச் சுண்டல் கொடுக்கப் போனேன்.

அந்த வருஷம் நவராத்திரியும் ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. அக்கா நோன்பில் இருந்தார். வீட்டிலேயே துணி தைப்பவர். "நோன்பு தொறக்க ஆச்சு" என்று கிண்ணத்தை வாங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

சொன்னேன். பேஜாரு என்று தலையில் தட்டிக்கொண்டவர், "எங்க வூட்டு ஸ்பேனரு சும்மாதானே கீது!" என்று, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஊசி எல்லாம் போட்டு வைத்திருந்த தையல் மெஷின் டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நோன்பு வெச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

"சும்மா குந்திக்கினு இருந்தாத்தான் பசி தெரியும். புடி இத."

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் கியரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பின்னால் இருந்த சின்ன ஸ்க்ரூவை நான் வலது பக்கம் திருகினேன், அக்கா இடது பக்கம் திருகினார். செயின் இந்தப் பக்கம் விழுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் விழுந்து, கம்பிகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். எனக்கு அந்தச் சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா ஸ்க்ரூவைப் பழையபடி திருகிவிட்டு யோசித்தார். "என் மெஷின் இப்படி மக்கர் பண்ணா, மொதல்ல எங்கயாவது நூலு சிக்கிக்கினு கீதான்னு பார்ப்பேன்."

நூலா? குனிந்து பார்த்தேன். கியருக்குக் கீழே தொங்குகிற குட்டிப் பல் சக்கரத்தின் இடுக்கில், என் பூச்சரத்தின் வாழைநார் இறுகச் சுற்றிக் கிடந்தது. போதாக்குறைக்கு, நான் அப்பிய சந்தனம் பல்லுக்குப் பல் காய்ந்து சிமென்ட்டாகி இருந்தது. செயின் எங்கே உட்காரும்?

அக்கா ஊசியால் நாரைக் கிளறி எடுக்க, நான் பழைய பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டினேன். மண்ணெண்ணெயில் துடைத்து, மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். வாசலுக்கு வந்த கணவர், "அவங்க ஸ்பேனருக்கு நம்ம சாமி ஒண்ணும் சொல்லாது" என்று முணுமுணுத்தபடி சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பெடலைக் கையால் சுற்றினேன். ஒவ்வொரு கியராக மாற்றினேன். செயின் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டேன், கறுப்புக் கையோடு.

அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அக்கா அவசரமாகக் கை கழுவி, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, அடுத்த வாய் என் சுண்டலைத்தான் எடுத்தார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கு முன்னாலேயே பள்ளியில் இருந்தேன். முதல் குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லில் 'அ' எழுதும்போதும், என் நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகாமல் இருந்தது.

இப்போது நாவலூர் பக்கம் வந்துவிட்டோம். ஆயுத பூஜைக்கு இன்றும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறேன், சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் கிடையாது. ஸ்பேனர்களில் ஒன்றைப் பூஜையில் வைக்காமல் வாசல் ஜன்னலில் வைத்துவிடுவேன். "ஒண்ணு குறையுதே" என்று கணவர் வருஷா வருஷம் சீண்டுவார். யாராவது முகம் தொங்கிப்போய்க் கதவைத் தட்டினால் கொடுக்க வேண்டாமா? இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை; ஆனாலும் அதை எடுத்து ஜன்னலில் வைத்த பிறகுதான் எனக்குப் பூஜை முடிந்ததாகவே மனசு ஒப்புக்கொள்கிறது.