பெயரில்லாத மீனுக்கு ஓர் ஈரச்சாக்கு

மீன்பிடிப் பரிசோதகர் என்பவர் "கடலோடு பழக்கமுள்ளவராகவும், மீனவ மக்களுடன் தாராளமாகக் கலந்து பழகுபவராகவும், திடகாத்திரமானவராகவும் இருத்தல் வேண்டும்" என்று அந்தக் காலத்துச் சுற்றுநிருபம் ஒன்று சொல்லிற்று. 1964இல் பருத்தித்துறையில் அந்தப் பதவியை வகித்தவர் இணுவிலைச் சேர்ந்த பஞ்சலிங்கம். புகையிலைத் தோட்டக்காரரின் மகன்; மச்சம் தொடாத சைவம். வள்ளத்தில் ஏறிய ஒரே தடவை, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே சத்தி எடுத்தார். கலந்து பழகுவதைப் பொறுத்தவரை, காலையில் கரைக்குப் போய், பிடிபட்ட மீனை விசாரித்து "என்ன பாடு?" என்று கேட்பார், "பாடில்லை, ஐயா" என்பார்கள். அதோடு அன்றைய பழக்கம் முடிந்துவிடும்.

அவரிடம் மீன் மணக்கிறதென்று இணுவில் உறவினர் அவரைத் தேடி வருவதில்லை. அவர் மீன் தின்னமாட்டார் என்று பருத்தித்துறைக்காரர் அவரை விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. இரண்டும் நியாயமான காரணங்கள்தான். ஆகவே கந்தோர் வேலை விட்டதும், இரத்தினம்மா என்பவரின் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த தகரக்கூரை அறைக்குள் போய்விடுவார். மின்சாரம் முன்வீட்டோடு நின்றிருந்தது.

ஒருநாள் தம்பிஐயா என்ற கடற்றொழிலாளி வலையை உதறும்போது, மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட விரலளவு மீன் ஒன்று விழுந்தது. கறிக்கு உதவாததால் அதற்கு ஊரில் எவரும் பெயர் வைத்திருக்கவில்லை. எறியப்போனவரை மறித்து, பஞ்சலிங்கம் அதை வாளியில் கொண்டுபோனார். சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் கடல்நீர் நிரப்பி அதில் விட்டார்.

பகலில் தகரத்தின் கீழே தொட்டி சுட்டது. மூலையில் இருந்த குடிதண்ணீர்ப் பானை மட்டும் வியர்த்துக் குளிர்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. தொட்டியின் மூன்று பக்கமும் நனைத்த சாக்கைச் சுற்றினார். சாக்கின் அடி, தண்ணீர் விட்ட எனாமல் தட்டத்தில் கிடந்தது. சாக்கு தண்ணீரை மேலே உறிஞ்சியது. ஜன்னல் காற்று அதைக் காயவைத்தது. காய்கிற ஈரம் தொட்டியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போனது. நாலாவது பக்கத்தை அவர் மீனைப் பார்ப்பதற்கு விட்டிருந்தார்.

அப்படியும் அந்த மீன் செத்தது. தொட்டியில் வற்றிக் குறைவதையெல்லாம் அவர் கடல்நீராலேயே நிரப்பி வந்திருந்தார். கடல்மீனுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது, விரதகாரனுக்கு மச்சச் சட்டியில் சோறு போடுவதுபோல அவருக்குப் பட்டது. வற்றுவது தண்ணீர் மட்டுந்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது மீன் செத்த பிறகே உறைத்தது. தம்பிஐயா கொண்டுவந்த இரண்டாவது மீனுக்கு, குறைகிற அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் விட்டார். உப்புச் சரியா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். மச்சம் தொடாத மனிதர் நாள்தோறும் மீன் குடியிருந்த தண்ணீரை ருசி பார்த்தார். இதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் கதவைத் திறந்தால் அந்த மீன் கண்ணாடியோரம் வந்து நிற்கும். தீனிக்காகத்தான் வந்திருக்கும். ஆனால் தீனிக்காகக்கூட அவரிடம் வேறு எவரும் வருவதில்லை.

வைகாசியில் அக்கா கமலாவதி இணுவிலிலிருந்து பஸ் ஏறி வந்தார். வாசலோடு நின்றே கதைத்தார்.

"தம்பி, வாற வெள்ளி பின்னேரம் நாகேஸ்வரி வீட்டுக்காரர் உன்னை மாப்பிள்ளை பாக்க எங்கடை வீட்டை வருகினம். நீ மத்தியானத்துக்கு முந்தி வந்து முழுகிப்போட்டு நிக்கவேணும்."

"ஓமக்கா."

"கவண்மேந்து உத்தியோகமெண்டு சொல்லியிருக்கிறன். மீனெண்டு வாய் திறக்காதை."

"கேட்டால்?"

"கேட்டால் சிரி. உனக்கு அதுவும் தெரியாதே. இது தவறினால் நான் இனி ஒருத்தரையும் கேக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

நாகேஸ்வரி பள்ளிக்கூட ஆசிரியை. முந்திய வருடம் கோயில் திருவிழாவில், "பருத்தித்துறையிலை காத்து நல்லாயிருக்குமே?" என்று அவரிடம் கேட்டிருந்தார். அப்போது வாயில் வராத பதிலைப் பஞ்சலிங்கம் அன்றிலிருந்து திருத்தித் திருத்தி வைத்திருந்தார். புது வேட்டியும் வாங்கிவிட்டார்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று இன்னும் பிறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை முருங்கையிலைகூட அசையவில்லை. சாக்கு ஈரமாகவே கிடந்தது. காயாத சாக்கு குளிர்விக்காது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பஞ்சலிங்கம் புது வேட்டியோடு குந்தி, பனையோலை விசிறியால் சாக்குக்கும் தண்ணீருக்கும் விசிறினார். கனநேரம் கழித்து மீன் கீழே இறங்கியது. இனிப் பஸ்ஸுக்கு வெளிக்கிடலாம் என்று விசிறியை நிறுத்தினார். மீன் திரும்பவும் மேலே வந்தது.

இரத்தினம்மா எட்டிப் பார்த்தார்.

"அக்கா, நான் வருமட்டும் உதுக்கு விசிறிவிடுவியளே?"

"என்ரை மனுசனுக்கே நான் ஒருநாளும் விசிறினதில்லை, தம்பி. பஸ்ஸை விடப்போறியள், ஓடுங்கோ."

இரத்தினம்மாதான் போய்ச் சொல்லியிருப்பார். சற்று நேரத்தில் தம்பிஐயா வந்தார்.

"என்ன, மாப்பிள்ளை விசிறியோடை? ஐயா, கடல் உதிலை கிடக்கு. கொண்டுபோய் விட்டிட்டுப் போங்கோ. கலியாணம் முடிய நான் வேறை பிடிச்சுத் தாறன்."

"உதுக்கு என்னைத் தெரியும், தம்பிஐயா."

"கடலையும் அதுக்குத் தெரியும், ஐயா."

பஞ்சலிங்கம் எழுந்து வாளியை எடுத்தார். தொட்டிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தபடி நின்றார். பிறகு வாளியை வைத்துவிட்டு விசிறியை எடுத்தார்.

"அப்ப பொம்பிளை?"

"காத்து எழும்பினால் போவன்."

"காத்து இண்டைக்கு எழும்பாது. அதாலைதானே நாங்களே பாய் விரிக்காமல் கரையிலை இருக்கிறம்."

மத்தியான பஸ் போனது. அதற்கடுத்த பஸ்ஸும் போனது. தம்பிஐயாவும் தலையைச் சொறிந்துகொண்டு போனார். இணுவிலில் பலகாரம் பரிமாறி, மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கமலாவதி சொன்னார். வந்தவர்கள் நம்பாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். ஆவணியில் நாகேஸ்வரிக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது. கமலாவதி சொன்னபடியே பிறகு எவரையும் கேட்கவில்லை.

பஞ்சலிங்கம் அந்த வெள்ளிக்கிழமை செய்தது இவ்வளவுதான்: தட்டத்தில் தண்ணீர் விட்டு, வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால், பொழுதுபட்டுத் தகரம் ஆறும்வரை மீனுக்கு விசிறினார்.