மின்சாரம் இல்லாத நாளில் முல்லைத்தீவு மீன்காட்சிச்சாலை

நாற்பத்திரண்டு வயதுவரை, கடல்மீன் உயிரோடு நீந்துவதை நான் பார்த்ததில்லை. மல்லாவியில் பிறந்தவனுக்குக் குளத்து மீன்தான் தெரியும். முல்லைத்தீவுக் கரையிலுள்ள பழைய மீன்காட்சிச்சாலையைத் திருத்தித் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், போன பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு அங்கே போவதென்று முடிவெடுத்தேன். என் மனைவி றெஜினா அந்தக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள்.

"மீன் பாக்க பஸ் ஏறிப்போற முதல் ஆள் நீங்கள்தான்" என்றாள். ஆனாலும் வந்தாள்.

காலை 6.20க்கு மல்லாவியில் பஸ் ஏறினோம். மாங்குளம் சந்தியில் 7.15க்கு வரவேண்டிய முல்லைத்தீவு பஸ் 8.25க்கு வந்தது. இருக்க இடமில்லை. ஒட்டுசுட்டான்வரை யாரோ ஒருவரின் உரப்பை என் பாதத்தின் மேல் பயணம் செய்தது. ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஓட்டோ முந்நூறு ரூபா. இறக்கிவிட்ட பிறகுதான் ஓட்டோக்காரர் சொன்னார்: "அண்ணை, அங்க காலமையில இருந்து கரண்ட் இல்லை."

ஏறும்போது சொல்லியிருக்கலாம்.

தடித்த கற்சுவர்கள், உப்புக்காற்று அரித்த கதவு, உள்ளே இரு பக்கமும் கண்ணாடி பதித்த பதினொரு சீமெந்துத் தொட்டிகள். முழு இடத்துக்கும் ஒரே ஒரு பராமரிப்பாளர், அறுபதை நெருங்கிய செபஸ்தி. ஆளுக்கு நூறு ரூபாவுக்குச் சீட்டுக் கிழித்துத் தந்தார்.

"உள்ளுக்கை கொஞ்சம் இருட்டு. பத்து நிமிசத்தில கரண்ட் வந்திடும்."

"எத்தினை மணிக்குப் போனது?"

"ஏழரைக்கு."

அப்போது மணி 10.40. கைபேசி வெளிச்சத்தில் ஏதோ ஒரு வால் தெரிந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று நான் புறுபுறுத்துக்கொண்டிருக்க, றெஜினா என்னை விலக்கிவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. காத்து மெசின் நிண்டிட்டுதோ?"

"ஓம் தங்கச்சி. ஜெனரேற்றரும் பழுது. அறிவிச்சனான். லீவு நாள், ஒருத்தரும் வரேல்லை." கடைசிப் பெரிய தொட்டியைக் காட்டினார். அதில் கை நீளத்துக்கு ஒரு கலவாய் மீன் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. "பூட்டிக்கிடந்த காலத்தையும் சேத்து ஒன்பது வருசமா இதுக்கு நான்தான் தீன் குடுக்கிறன்."

"வாளி இருக்கோ?" என்று கேட்டாள் றெஜினா.

இரண்டு வாளிகள் இருந்தன. கடல் எண்பது அடி தூரம். நான் அள்ளிவர, அவர்கள் இருவரும் கதிரைகளில் ஏறி நின்று உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அப்போதுதான் தண்ணீரில் காற்றுக் கலக்குமாம். இடையில் ஒரு வான் வண்டியில் வந்தவர்கள் இருட்டைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து திட்ட எனக்கும் ஆசையாக இருந்தது.

பதினைந்தாவது நடையில் சொல்லியும் விட்டேன்: "நாங்கள் மீன் பாக்க வந்தனாங்கள், தண்ணி அள்ள இல்லை."

"ஏலாதெண்டால் வெளியில இருங்கோ." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினாறாவது நடைக்குப் போனேன்.

1.10க்கு மின்சாரம் வந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனால் நான் அள்ளிவந்த தண்ணீரோடு மண்ணும் வந்திருந்ததால் ஒரு தொட்டியிலும் ஒன்றும் தெரியவில்லை! இரண்டு சிறிய மீன்கள் மட்டும் செத்து மிதந்தன. செபஸ்தி அவற்றை உள்ளங்கையில் எடுத்துக் கடதாசியில் சுற்றினார். பிறகு மூவரும் பெரிய தொட்டியின் முன்னால் நின்றோம். நெடுநேரம் ஓர் அசைவும் இல்லை. திடீரெனக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு கண்ணும் தடித்த உதடும் கண்ணாடிக்கு அருகில் வந்தன. செபஸ்தி கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதார்.

"பாத்திட்டீங்கள்தானே? வாங்கோ, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் றெஜினா.

போக நினைப்பவர்களுக்கு: போயா நாளில் போகாதீர்கள், பஸ் குறைவு. மின்வெட்டு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். மாற்றுடுப்பு எடுத்துப் போங்கள். ஈரக் காற்சட்டையோடு மாங்குளம்வரை நின்று வருவது சுகமான காரியமல்ல.

மறுநாள் காலை சைக்கிளில் மீன்காரர் வந்து வாசலில் மணியடித்தார். றெஜினா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இண்டைக்கு வேண்டாம் அண்ணை" என்றாள். அந்தக் கிழமை முழுவதும் அப்படியே சொல்லி அனுப்பினாள்.