இறுக்கிப் பிடிக்காத கை

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் நின்று ஒரு ஜாம் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஒரு வலி ஓடியது. போத்தலை மனைவியிடம் நீட்டினேன். அவள் ஒரே திருகில் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“கை நோகுதோ?”

“இல்லை. வழுக்குது.”

அது பொய். நாலு மாதமாகவே நோவு இருந்தது. காலையில் பல் துலக்கும்போது வரும், கந்தோரில் பேனை பிடித்தால் வரும், சனிக்கிழமைகளில் ட்ரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்ததும் வேறு எல்லாவற்றையும் போல அதையும் மறந்துவிடுவேன்.

என் கந்தோர் ஒரு காப்புறுதி நிறுவனம். ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு இசைக்குழுவில் பதினான்கு வருடமாக ட்ரம்ஸ் வாசிக்கிறேன். கலியாணம், பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல், எது கிடைத்தாலும் போவோம். ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டுகளுக்கு நடுவே எங்கள் கீபோர்ட்காரரின் மாமாவுக்கு ஒரு ஸ்டோர் இருக்கிறது. அதன் மேல்மாடியில்தான் ஒத்திகை. வெளியே லொறிகள் பின்னுக்கு எடுக்கும் சத்தத்தில் நாங்கள் எவ்வளவு அடித்தாலும் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நானும் அடித்தேன். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு சோடி ஸ்டிக்காவது முறியும். முறிந்த துண்டை எல்லோருக்கும் காட்டுவேன். பலம்தான் திறமை என்று அந்த நாட்களில் நினைத்திருந்தேன்.

பேஸ் கிட்டார் வாசிப்பவன் என் பள்ளித்தோழன். கொட்டாஞ்சேனைக்காரன். கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் வளவில் வேலை. ஒருநாள் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்:

“மச்சான், ஒரு விசயம் சொன்னாக் கோவிக்க மாட்டியே?”

“சொல்லு.”

“நீ ஓடுறாய். ஒரு பாட்டும் தொடங்கின வேகத்தில முடியிறதில்ல. உனக்குப் பின்னால ஓடி ஓடி நான் களைச்சுப் போறன்.”

நான் கோபித்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும், அவனுடைய அழைப்பை எடுக்கவில்லை. பிறகு போனில் தாளம் எண்ணும் மெட்ரோனோம் செயலியை இறக்கி, காதில் ‘டிக் டிக்’ என்று ஓடவிட்டு, அதோடு மல்லுக்கட்டினேன். பிந்திவிடக் கூடாது என்ற பயத்தில் ஸ்டிக்கை இன்னும் இறுக்கினேன். கை இன்னும் நொந்தது.

அடுத்த ஞாயிறு அவன், “ஒருத்தர் வாசிக்கிறதக் கேட்டுப் பார்” என்று என்னைத் தங்கள் கோயிலுக்குக் கூட்டிப்போனான். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள். மாலைப் பூசை. பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் சிறிய ட்ரம்ஸ் ஒன்று இருந்தது. அதன் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பருத்திச் சேலை, பின்னி முடிந்த தலைமயிர், கையில் சின்ன மணிக்கூடு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காலைப் பெடலில் வைத்தார்.

முதல் பாட்டில் எனக்கு ஏமாற்றம்தான். இதில் என்ன இருக்கிறது, யாரும் அடிக்கலாமே என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் தலை மெல்ல ஆடுவதைக் கண்டேன். பிறகு பார்த்தால் என் காலும் ஆடிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவில் ஒருவரும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியும் வந்து இறங்குவதற்கு யாரோ முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்தது போலிருந்தது. அந்த இடத்தை ஒதுக்கியது அவருடைய இடதுகை. முழங்கால்களுக்கு நடுவில் இருக்கும் ஸ்நேர் முரசில், காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்னத் தட்டல்கள். அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு தெளிவான அடி. அது நான் எதிர்பார்த்ததைவிட ஒரு மயிரிழை பிந்தியே ஒவ்வொரு தடவையும் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் அதே அளவு பிந்தி.

அவருடைய கைகளைப் பார்த்தேன். ஸ்டிக்கை அவர் பிடித்திருக்கிறாரா, அது அங்கே சும்மா இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அடித்ததும் ஸ்டிக் தானாக எழுந்து வந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை.

பூசை முடிந்து வாசலில் தோழன் என்னை அறிமுகப்படுத்தினான். அவர் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் ஊரில் ஆசிரியையும் மிஸ், தாதியும் மிஸ். ஆகவே நானும் மிஸ் என்றே கூப்பிட்டேன்.

“மிஸ், எனக்குக் கொஞ்சம் சொல்லித் தருவீங்களோ?”

“நான் படிப்பிக்கிறதில்ல அண்ணன். டியூட்டிக்குப் போகவே நேரம் போதல்ல.” சொல்லிவிட்டு நான் வலது மணிக்கட்டைத் தடவுவதைக் கவனித்தார். “கையக் காட்டுங்க.”

காட்டினேன். பெருவிரல் பக்கமாக ஓரிடத்தில் அழுத்தினார். நான் பல்லைக் கடித்தேன்.

“எவ்வளவு நாளா?”

“நாலு மாசம் இருக்கும்.”

“நாலு மாசமா இத வச்சிக்கிட்டு அடிச்சீங்களா? முதல்ல டொக்டரக் காட்டுங்க. ட்ரம்ஸ் பிறகு பாக்கலாம்.”

டொக்டர் ஆறு கிழமைக்கு ஒன்றும் அடிக்கக் கூடாது என்றார். மூன்றாவது கிழமையில் வெள்ளவத்தையில் ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். என்ன செய்வது என்று குழு கூடிப் பேசியபோது தோழன் மிஸ்ஸின் பேரைச் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. கோயிலில் வாசிப்பது வேறு, கலியாண வீட்டில் ஆட்டப் பாட்டான பைலா வாசிப்பது வேறு என்றேன். “அவ கொட்டாஞ்சேனைல பிறந்து வளர்ந்தவ, மச்சான். பைலாவ நாங்களா அவவுக்குச் சொல்லிக் குடுக்கிறது?” என்றான் தோழன்.

மிஸ் சம்மதித்தார். ஒரு நாள் டியூட்டி முடிந்து நேராக ஒருகொடவத்தைக்கு ஒத்திகைக்கு வந்தார். என் ட்ரம்ஸைச் சுற்றி ஒருதரம் நடந்தார். இருக்கையின் உயரத்தைக் குறைத்தார். என் நாலு சிம்பல் தட்டுகளில் இரண்டைக் கழற்றினார்.

“இது எனக்கு வேணாம் அண்ணன். கோவிக்காதீங்க.”

“இல்லை, இல்லை” என்றேன். உள்ளுக்குள் கோபம்தான்.

வாசிக்கத் தொடங்குமுன் எங்கள் பாடகரிடம் ஒரு கேள்வி கேட்டார். பதினான்கு வருடத்தில் நான் அவரிடம் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

“நீங்க எந்தெந்த இடத்தில மூச்செடுப்பீங்க?”

பாடகர் முழித்தார். பிறகு பாடிக் காட்டினார். மிஸ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கலியாணம் பகலில். நான் விருந்தினனாக மனைவியோடு ஒரு மேசையில் இருந்தேன். என் ட்ரம்ஸை இன்னொருவர் வாசிப்பதை வெளியிலிருந்து பார்ப்பது அதுவே முதல் தடவை. சாப்பாடு முடிந்து பைலா தொடங்கியது. வழமையாக எங்கள் நிகழ்ச்சிகளில் பெடியன்கள்தான் முன்னுக்கு வந்து குதிப்பார்கள். அன்று எழும்பியது மாப்பிள்ளையின் பெரியம்மாமார். ஒருவர் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார், பிறகு மற்றவர். பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினார்கள்.

மனைவி என் பக்கம் சாய்ந்தாள். “இண்டைக்குத்தான் பாட்டுச் சொல்லெல்லாம் விளங்குது.”

நான் மிஸ்ஸின் இடதுகையைப் பார்த்தேன்.

பாட்டு பாதியில் கரண்ட் போனது. மைக், கீபோர்ட், கிட்டார் எல்லாம் ஒரே நொடியில் ஊமை. ஏசி நின்றது. நானாக இருந்தால் அந்த இடத்தில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: நிறுத்தியிருப்பேன், அல்லது மண்டபத்தை நான் ஒருவனே நிரப்ப வேண்டும் என்று வெறிபிடித்து அடித்திருப்பேன். மிஸ் இரண்டும் செய்யவில்லை. அதே அளவில், அதே வேகத்தில், ஒன்றும் நடக்காதது போல வாசித்துக்கொண்டே இருந்தார். பெரியம்மாமார் நிற்கவில்லை. யாரோ கைதட்டத் தொடங்க, மண்டபமே கைதட்டியது. கைதட்டல் மெல்ல மெல்ல வேகம் எடுக்கப் பார்த்தது. அது அப்படித்தான், கூட்டம் கூடினால் ஓடும். அவர் அதன் பின்னால் போகவில்லை, அதோடு சண்டையும் பிடிக்கவில்லை. அந்த ஒரு அடியை அதன் இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அத்தனை கைகளும் தாமாகவே அவரிடம் திரும்பி வந்துவிட்டன.

ஜெனரேட்டர் வேலை செய்ய மூன்று நாலு நிமிடம் எடுத்திருக்கும். ஒலி திரும்பியதும் தோழனின் பேஸ் உள்ளே வந்தது. எங்கே விட்டானோ அங்கேயே பிடித்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பை என்னோடு வாசித்த நாட்களில் நான் கண்டதேயில்லை. எனக்குள் இருந்த பொறாமை அந்த இடத்தில் போய்விட்டது என்று சொல்ல ஆசை. முழுதாகப் போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இப்படி ஒருவர் வாசிப்பதைப் பார்க்கக் கிடைத்ததே என்ற சந்தோசம்.

ஆறு கிழமை முடிந்ததும் மறுபடி போய்க் கேட்டேன். இந்தமுறை மறுக்கவில்லை. புதன்கிழமைகளில் பாடகர் குழுவின் ஒத்திகைக்கு முன் அரை மணித்தியாலம் வரச்சொன்னார். “படிப்பிக்கிறன் எண்டு நினைக்காதீங்க. சேர்ந்து இருப்பம்.”

முதல் நாள் அவர் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று. ஸ்டிக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மெல்லப் பிடித்து, ஸ்நேரின் மேல் விழவிட வேண்டும். பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. அவருடைய ஸ்டிக் விழுந்து, துள்ளி, துள்ளி, சின்னதாகி, ஒரு நடுக்கமாகி நின்றது. என்னுடையது இரண்டு துள்ளலில் செத்தது.

“நீங்கதான் அதப் பிடிச்சு நிப்பாட்டுறீங்க” என்றார்.

“நான் பிடிக்கேல்லையே.”

“தோளப் பாருங்க.”

பார்த்தேன். தோள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று அவர் தன் கதையைச் சொன்னார். தாதிப் பயிற்சியில் முதல் வருடம், ஊசி போடப் போனால் கை விறைத்துவிடுமாம். சிரிஞ்சை நசுக்குவது போலப் பிடிப்பாராம். ஒருநாள் தெமட்டகொடையிலிருந்து வந்த ஒரு ரயில்வே தொழிலாளி, ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே, “மிஸ், நீங்க முதல்ல மூச்ச விடுங்க” என்றாராம்.

“அப்பதான் தெரிஞ்சுது, நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறன் எண்டு. விட்டன். கை தானா இறங்கிச்சு. அவருக்கு நோகவே இல்லயாம். அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிக்கேக்க பாத்தா, அங்கயும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கிறன். அத விடுறதுக்கு எனக்கு ரெண்டு வருசம் போச்சு அண்ணன். நீங்க அவசரப்படாதீங்க.”

ஆனாலும் நான் அவசரப்பட்டேன். மிக மெதுவாக, மிகச் சத்தமில்லாமல் ஒரே தாளத்தைப் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்வார். மூன்றாவது நிமிடத்தில் எனக்கு அலுக்கும். ஒரு உருட்டு உருட்டிப் பார்ப்பேன். அவர் கையைக் காட்டி நிறுத்துவார். திரும்பவும் தொடக்கத்திலிருந்து. வாசித்துக்கொண்டே பாட்டைப் பாடச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கோயில் பாட்டு எனக்குத் தெரியாது என்றேன். “தெரிஞ்ச தேவாரத்தப் பாடுங்க, ஆண்டவர் கோவிக்க மாட்டார்” என்றார். பாடும்போது மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. அதுதான் அவருடைய சூட்சுமம்.

அந்த மாதங்களில், நான் எதையெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறேன் என்று கண்டுகொண்டேன். பஸ்ஸில் மேல்கம்பியை, கந்தோரில் பேனையை, போனை, பல்தூரிகையை. எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் நெரிசலில் நிற்கும்போது குடைக் காம்பை. மனைவிதான் ஒருநாள் சொன்னாள், நான் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட யாரோ பறிக்க வருவது போலப் பிடித்திருப்பதாக.

ஒரு புதன்கிழமை, பாடகர் குழு வந்துவிட்டது. மிஸ் இருக்கையைவிட்டு எழும்பி, “இந்தப் பாட்டுக்கு நீங்க இருங்க” என்றார். எனக்கு மறுக்கவும் நேரம் இருக்கவில்லை. வாசித்தேன். பாட்டில் இரண்டு பந்தி போனபின்தான், நான் என் கைகளைப் பற்றி நினைக்கவேயில்லை என்பது தெரிந்தது. பாடுகிறவர்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டிக் தானாக எழும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் மூச்செடுக்கும் இடம் எனக்குக் கேட்டது. அந்த ஒரு அடி எங்கே விழவேண்டுமோ அங்கே விழுந்தது, நான் வைத்ததாகவே தோன்றவில்லை.

தெரிந்ததும் சந்தோசம் பொங்கியது. சந்தோசத்தில் வேகம் கூடிவிட்டது. பின்னால் நின்ற மிஸ் என் தோளில் இரண்டு விரலை வைத்தார். அவ்வளவுதான். தோள் ஏறியிருந்தது, இறக்கினேன். பாட்டு பழையபடி நடந்தது.

இப்போது எங்கள் குழுவில் இரண்டு ட்ரம்ஸ்காரர்கள். மிஸ்ஸின் டியூட்டி இடம்கொடுக்கும் நாட்களில் அவர் வாசிப்பார், நான் டம்பரின் என்ற சலங்கை வைத்த கைப்பறையைத் தட்டுவேன். அவர் இல்லாத நாட்களில் நான். என் கை நோவதில்லை. ஸ்டிக் முறிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தோழன் என்னைப் பாராட்டுவதில்லை, ஆனால் களைத்துப்போவதாகவும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு பகல் விருந்தில் முழு நிகழ்ச்சியும் நானே வாசித்தேன். டியூட்டிக்குப் போகிற வழியில் மிஸ் வெள்ளைச் சீருடையில் எட்டிப்பார்த்து, ஓரமாக நின்று இரண்டு பாட்டுக் கேட்டார். இடைவேளையில் நான் ஓடிப்போனேன்.

“எப்பிடி மிஸ்?”

யோசித்தார். முகஸ்துதிக்குச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“இடது கை நல்லா இருக்கு அண்ணன். வலது கை இன்னும் கொஞ்சம் பயப்படுது.”

பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, “ரெண்டு மணிக்கு வார்டில நிக்கணும்” என்று சொல்லிவிட்டு, காலி வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அவர் பஸ் ஏறும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.