அத்தான் நின்ற வரிசை

உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் காகித மட்டை. பதினெட்டு ஆண்டுகள் என் கணினித் திரைக்குக் கீழே ஒட்டியிருந்தது. வேலையை விட்ட அன்று உரித்தெடுத்து வந்தேன். மூலைகளில் பசை இன்னும் பிசுபிசுக்கிறது. அதில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரே கேள்வி அச்சிட்டிருக்கும்: நீங்கள் பாதுகாப்பான இடத்தில் நிற்கிறீர்களா? வழியில் கார் நின்றுபோய் அழைக்கிற எவரிடமும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும். எங்கள் மோட்டார் கழகத்தின் கட்டளை அது. இப்போது கழகம் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறதாம். பழைய ஊழியர்கள் ஆளுக்கொரு இனிய நினைவு எழுதித் தர வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. என்னிடம் இனிய நினைவுகள் இல்லாமலில்லை. எழுத உட்கார்ந்தால் அத்தான்தான் வருகிறார், அக்காவின் கணவர்.

புவாண்ட்-கிளேரில் எங்கள் அலுவலகத்து நடையில் கழகத்தின் வரலாறு படங்களாகத் தொங்கியது. முதல் படத்தில் தொப்பி அணிந்த கனவான்களும் கூரையில்லாத கார்களும். அடுத்ததில் சேற்றில் புதைந்த காரை ஒரு குதிரை இழுக்கும். பிறகு தொலைபேசிப் பலகையின் முன்னால் முதுகு வளையாமல் அமர்ந்திருக்கும் பெண்கள். நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய விதித்தாள்: வழியில் நின்றுபோன உறுப்பினரைக் கண்டால் நிற்காமல் கடந்து போகக் கூடாது. பணக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. காலப்போக்கில் கார் வைத்திருக்கும் எவரும் சேரலாம் என்றாயிற்று. ஒருவரையொருவர் கண்டு நிற்பது போய், அவர்களுக்காக இழுவை வண்டிகள் ஓடின. அந்த வண்டிகளை அனுப்ப நாங்கள் வந்தோம். அந்தப் பெண்களின் படத்துக்கு அடுத்த ஆணியில் என் படம் தொங்கும் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

எங்கள் ஆட்கள் அந்த விதியைத் தங்களுக்கு ஏற்றபடி விளங்கிக்கொண்டார்கள். எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பங்கில் பாதிப் பேருக்கு நான்தான் கழகம். பற்றரி இறங்கினாலோ ரயர் வெடித்தாலோ கழகத்துக்கு அழைத்துப் பதிந்துவிட்டு, உடனே என் கைபேசிக்கும் அழைப்பார்கள். "பிள்ளை, என்னைக் கொஞ்சம் முன்னுக்கு விடன்" என்பார்கள். என் திரையில் அழைப்புகள் வந்த வரிசைப்படி கீழ்நோக்கி நிற்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிறிய பெட்டி. மட்டையிலுள்ள கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அதில் குறியிட வேண்டும். அந்த வரி சிவப்பாகி உச்சிக்குப் போய்விடும். நான் கேள்வியே கேட்காமல் குறியிட்டேன். கடை வாசலில், வீட்டு முற்றத்தில் சுகமாக நின்ற கார்களெல்லாம் என் கையால் ஆபத்தில் விழுந்தன. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பலகாரப் பொட்டலம் வரும். கெட்டிக்காரி என்று பெயரும் வந்தது.

அத்தானுக்கு இது பிடிக்காது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்திருந்தபோது தன் தாயின் மருந்துக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவர் அவர். தெரிந்தவர்களைப் பின்வாசலால் கூப்பிட்டுக் கொடுத்து அனுப்பினார்களாம். அவருடைய முறை வந்தபோது மருந்து முடிந்துவிட்டது. அதை அவர் ஒரு தரம்தான் சொன்னார். ஆனால் வங்கியிலும் சரி, கோயில் விருந்திலும் சரி, யாராவது இடையில் புகுந்தால் முகம் கறுத்துவிடும். ஒரு டிசம்பரில், நத்தார்ப் பண்டிகை மத்தியானம், பார்க் எக்ஸ்டென்ஷனில் அக்கா அத்தான் வீட்டில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பங்கு அக்கா ஒருத்தி என் சாமர்த்தியத்தைப் புகழத் தொடங்கினா. அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ ஒரு ஆளை முன்னுக்கு விட்டா, இன்னொராள் பின்னுக்குப் போறார். அவர் ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ?"

சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. அத்தனை பேருக்கும் முன்னால் சோற்றைப் பிசைந்தபடி தலை குனிந்திருந்தேன்.

மூன்று கிழமை கழித்துப் பெரும் பனி கொட்டியது. அன்று பிற்பகல் என் திரையில் நகரமே நின்றுபோயிருந்தது. பொன்ஜூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி ஓர் அழைப்பை எடுத்தால் மறுமுனையில் அத்தான். சுவருக்குப் பூச்சு அடிக்கிற வேலைக்காக இல்-பிசாருக்குப் போனவர், திரும்பும் வழியில் ஆற்றோரத்துப் பாதையில் எஞ்சின் நின்றுவிட்டதாம். அந்தத் தீவில் பேருந்தே அருமை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். எஞ்சின் இல்லையென்றால் காருக்குள் சூடும் இல்லை. முந்தின வருடம்தான் அவருக்கு இதயத்தில் அடைப்பு எடுத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். மட்டையைப் பார்த்துக் கேள்வியைக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, பாதுகாப்பாத்தான் நிக்கிறன். நீ வரிசைப்படி அனுப்பு."

பெட்டிக்கு மேலே என் அம்புக்குறி நின்றது. ஒரு சொடுக்குப் போதும். அவருடைய கொள்கைக்கு மரியாதை கொடுத்தேன் என்று பிறகு பலருக்கும் சொன்னேன். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட அப்படித்தான் சொன்னேன். பொய். நத்தார்ச் சோறு இன்னும் தொண்டையில் நின்றது. வரிசை என்றால் வரிசைதானே, இருந்து பாருங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவு அற்பமான காரணம். அரை மணி நேரம் கழித்து அதே பங்கு அக்கா கைபேசியில் வந்தா. தன் கார் கடை வாசலில் நிற்கிறதாம், தான் கடைக்குள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறாவாம். அவவின் வரியைச் சிவப்பாக்கினேன்.

நாலரை மணிக்குத்தான் இழுவை வண்டி அத்தானிடம் போய்ச் சேர்ந்தது. அவர் காருக்குள் இல்லை. இழுவைக் கம்பியை மாட்ட வசதியாகக் காரின் முன்பக்கம் முழுவதும் பனியை அள்ளி ஒதுக்கியிருந்தாராம். வருகிறவனுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். பனி அள்ளும் சவள் கையில் இருந்தபடியே விழுந்து கிடந்தார். உடம்பு ஆறிப் போயிருந்தது என்று ஓட்டுநர் அழுதுகொண்டு சொன்னார்.

கழகம் விசாரித்தது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். நான் கேட்கிறேன், அவர் ஓம் என்கிறார். எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது என்று மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டினார். செத்த வீட்டில்தான் உண்மை வெளியில் வந்தது. அந்தப் பங்கு அக்கா என் அக்காவின் கையைப் பிடித்து, எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதாக நினைத்து, அன்று பனிக்குள்ளும் தங்கச்சிதான் தனக்கு அரை மணித்தியாலத்தில் வண்டி அனுப்பினவ என்று சொன்னா. அக்கா அழுகையை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தா.

"ஊரையே முன்னுக்கு விட்ட நீ. இவரை மட்டும் வரிசையில விட்டிட்டாய்."

அதுதான் அக்கா என்னோடு கடைசியாகக் கதைத்தது. ஏழு வருடமாகிறது. பூசையில் எனக்கு மூன்று வாங்கு வரிசைக்கு முன்னால் இருப்பா. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் சுற்றித் திரும்புவார்கள். அக்கா மட்டும் திரும்பமாட்டா. எனக்கும் எழும்பிப் போய் அவ கையைப் பிடிக்கத் தைரியமில்லை.

இந்தப் பனிக்காலத்தில், புவாண்ட்-கிளேர்க் கடைத்தொகுதியின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் என் காருக்குப் பற்றரி இறங்கிவிட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கோட்டைக் கழற்றுகிற அளவுக்குச் சூடு. கழகத்தை அழைத்தேன். இப்போது அங்கே ஆட்கள் எடுப்பதில்லை, இயந்திரக் குரல். மட்டையில் இருக்கும் அதே கேள்வியை அது கேட்டது. ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. விரல் தானாகப் போய் இரண்டை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்தது. திருத்தலாம் என்று குரல் இரண்டு தரம் சொன்னது. நான் திருத்தவில்லை.

பதினைந்து நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் அவசரமாக இறங்கி, சுற்றும் முற்றும் பார்த்து, என்ன ஆபத்து, மதாம் என்று பிரெஞ்சில் கேட்டார். நான் காரின் முன்மூடியைத் திறந்துவிட்டேன். அவர் பற்றரிக்குக் கம்பிகளைக் கொழுவினார். அவருடைய கைபேசி பற்றரிக்குப் பக்கத்தில் கிடந்தது. உச்சியில் சிவப்பாக ஒரு வரி, அது நான். அதற்குக் கீழே காத்திருப்பவர்கள் நிற்கிற இடங்கள். மூன்றாவது ஆள் இல்-பிசாரில் நிற்கிறார்.

அவர் ஆர் என்று எனக்குத் தெரியாது.